கந்தப்போடி ஓவசியரின் சைக்கிள் பாதை

சைக்கிளுக்கென்று தனிப் பாதை போடுகிற நாகரிகம் எங்கள் ஊருக்கு எப்போது வந்தது என்று சொன்னால் வெளியூர்க்காரர் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி மூடிக் கிடந்து, அரிசியும் சீனியும் சீமெந்தும் திருகோணமலையிலிருந்து கப்பலில் போன காலம் அது. வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிற ஊரில் ஒருவன் சைக்கிளில் போனால் என்ன, உருண்டு போனால் என்ன என்று கேட்பீர்கள். சண்டை நடக்கிற இடத்தில்தான் வீதி ஒழுங்குக்கு மதிப்பு அதிகம். குண்டு பட்டுச் செத்தால் அது அரசியல், அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. லொறி அடித்துச் செத்தால் வீதிக்குப் பொறுப்பான அரசாங்கக் கந்தோர் பதில் சொல்லவேண்டும்.

அந்தக் கந்தோரில் வீதி வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியராக இருந்தவர் கந்தப்போடி.

வெருகல் பக்கத்து ஆள். மழை காலத்தில் வீதி என்ற ஒன்றைக் கண்ணால் காணாத இடத்தில் பிறந்தவர். அதனாலோ என்னவோ வீதி என்றால் அவருக்கு உயிர். ஓவசியர் சோதினை எழுதி, நகரத்துக்கு வந்து, சிவகாமிப்பிள்ளையைக் கலியாணம் முடித்து, அன்புவழிபுரத்தில் ஒரு சின்ன வீடு கட்டி, வேலன் என்று ஒரே ஒரு மகனையும் பெற்றார். அவருடைய சந்தோஷங்கள் சில்லறையானவை. புதிதாய் ஊற்றிய தார். அடைக்காமல் மழைத்தண்ணீர் ஓடுகிற கான். இடப் பக்கமாய்ப் போகிற மனுஷன். வலப் பக்கமாய் ஒருவன் எதிரே வந்தால் சைக்கிளை விட்டிறங்கி, குடையை நீட்டி மறித்து, "தம்பி, இது ஆரிட பக்கம்?" என்று கேட்பார். எங்கள் ஊருக்குள் மாடுபோல் திரிகிற மான்களில் நடு வீதியில் படுத்திருந்த ஒன்றிடமும் அவர் இதையே கேட்டதாக ஒரு கதை இருக்கிறது. மான் எழும்பி இடப் பக்கமாய்ப் போய்ப் படுத்ததாம். இரண்டாவது பகுதியை நான் நம்பவில்லை.

அவருடைய பொறுப்பில் இருந்த வீதிகளில் மிக மோசமானது துறைமுகத்துக்குப் போகிற வீதி. ஒரு பக்கம் துறைமுகக் கம்பிவேலி. மறு பக்கம் ஒரு பழைய கொப்பராக் களஞ்சியத்தின் நீட்டு மதில். நடுவில் கிடந்த ஒடுக்கமான தாரில் விடிந்ததிலிருந்து கப்பலுக்குச் சாமான் ஏற்றிய லொறிகள். லொறிக்கும் மதிலுக்கும் நடுவில் மிச்ச ஊர் முழுவதும் சைக்கிளில்: சாம்பல்தீவிலிருந்து கத்தரிக்காய்ச் சாக்கோடு வருகிறவர்கள், கிண்ணியாவிலிருந்து துறை தாண்டி மீன்பெட்டியோடு வருகிறவர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், துறைமுகத்து வேலையாட்கள். பெற்றோலுக்குக் கியூவில் நின்று களைத்த கார்க்காரர்களும் பாதிப்பேர் அதில் சைக்கிளில்தான்.

இது எல்லா ஊரிலும் உள்ள நெரிசல்தான். எல்லா ஊரிலும் இல்லாதது அந்த மதிலோரம் நின்ற சைக்கிள்கள்.

களஞ்சியத்துக்குள் சில வருஷம் ஒரு முகாம் இருந்தது. யாருடைய முகாம் என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் முகாம் வைத்திருந்தவர்கள் பலர், கேள்வி கேட்டவர்கள் சிலர், அந்தச் சிலரும் பிறகு கேட்கவில்லை. முகாமைக் கடக்கும்போது சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு நடக்கவேண்டும் என்பது சட்டம். வாசலில் நிற்பவன் கை காட்டினால் சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு உள்ளே போகவேண்டும். பூட்டக்கூடாது. பூட்டின சைக்கிளில் குண்டு இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. போனவர்களில் முக்கால்வாசிப்பேர் வெளியே வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மற்றவர்களின் சைக்கிள்கள் அங்கேயே நின்றன.

வேலனுடைய பச்சை லுமாலா சைக்கிள் அதில் ஒன்று. கப்பலில் சாமான் ஏற்றுகிற இடத்தில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன். ஒருநாள் காலையில் கை காட்டினார்கள். பின்னால் வந்துகொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அவன் ஹாண்டிலைத் திருப்பி, வழியில் போகிறவர்களுக்கு இடிக்காதபடி ஒழுங்காய்ச் சாய்த்துவிட்டுத்தான் போனானாம். ஓவசியரின் மகன்.

சந்தையில் சைக்கிளை விட்டுவிட்டு ஒரு பிளேன்ரீ குடித்துத் திரும்புவதற்குள் டைனமோவைக் கழற்றிக்கொண்டு போகிற ஊர் எங்களுடையது. அந்த வரிசையில் ஒரு பெல் மூடிகூடக் காணாமல் போகவில்லை. வெள்ளிக்கிழமைக் காலைகளில் வீட்டுப் பெண்கள் பம்மும் எண்ணெய்ச் சுண்டும் கொண்டு வருவார்கள். சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, சில்லுக்குக் காற்றடித்து, சீற்றில் விழுந்த காக்கை எச்சத்தைத் துடைத்துவிட்டுப் போவார்கள். ஆள் வெளியே வருகிற நேரம் சில்லில் காற்றில்லாவிட்டால் வீடு வந்து சேர்வது எப்படி? அந்தச் சைக்கிள்களை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. அது யாரும் போட்ட சட்டமல்ல. வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆள் இனி வரமாட்டான் என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டதாகிவிடும். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் விடியப் பார்த்தால் முகாம் இல்லை. காவலரண் இல்லை, மண்மூடை இல்லை, பெயர்ப்பலகை இல்லை. வாசல் கேற்றில் மட்டும் ஒரு பெரிய பூட்டு. பெண்கள் கூட்டமாய்ப் போய்ப் பல கந்தோர்களில் விசாரித்தார்கள். அங்கே முகாம் என்று ஒன்றும் இருக்கவில்லையே என்று எல்லோரும் மரியாதையாகச் சொன்னார்கள். ஒரு இடத்தில் கதிரை போட்டு இருத்திச் சொன்னார்கள்.

எங்கள் ஊர்ச் சனம் செய்த வேலையைக் கேளுங்கள். இல்லாத முகாமைக் கடக்கும்போது எல்லோரும் சைக்கிளை விட்டிறங்கி உருட்டிக்கொண்டு நடந்தார்கள். காவலரண் இருந்த இடத்தில் வெறும் மண். கை காட்ட ஆளில்லை. ஆனாலும் அந்த மதில் தொடங்குகிற இடத்தில் பிறேக் பிடிக்கிற சத்தம் வரிசையாய்க் கேட்கும். பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை விட்டுவிடுவார்கள். மதில் முடிகிற இடத்தில் ஏறி மிதித்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். புதிதாய் ஊருக்கு வந்தவர்களும் ஏன் என்று கேட்காமல் இறங்கினார்கள்.

இன்னொன்றும் இருந்தது. பாரம் ஏற்றிய லொறி போகும்போது நிலம் அதிர்ந்து, வரிசையில் நின்ற சைக்கிள்களின் பெல் எல்லாம் ஒன்றாய்க் கிணுகிணுக்கும். உருட்டிக்கொண்டு போகிறவர்கள், பின்னால் யாரோ சைக்கிளில் வருகிறார்கள் வழி விடுவோம் என்று ஒதுங்குவார்கள். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லொறி போய் மறைந்தபிறகும் ஒரு பெல் மட்டும் கொஞ்சநேரம் அடித்துக்கொண்டிருக்கும் என்று சொல்வார்கள். எந்தச் சைக்கிளுடையது என்று கேட்டால் கதையை மாற்றிவிடுவார்கள்.

அப்படி ஒதுங்கின ஒரு நாளில்தான் லைலா ரீச்சரை லொறி தட்டியது. ஒரு பக்கம் நிற்கிற சைக்கிள்கள், மறு பக்கம் ஓடுகிற லொறி. நடுவில் உருட்டிக்கொண்டு போக மிஞ்சியது ஒரு முழ இடம். ரீச்சர் பெல் சத்தத்துக்கு வழி விடப்போய் லொறிச் சில்லுக்குக் கீழே காலைக் கொடுத்தார். கால் இரண்டு இடத்தில் முறிந்தது. ஓடிவந்து தூக்கியவர்களில் கந்தப்போடியும் ஒருவர். ரீச்சர் வலியில் கத்தவில்லை. "பின்னால வந்தவங்க போயிட்டாங்களா?" என்று கேட்டார். பின்னால் ஒருவரும் வரவில்லை.

இதன் பிறகுதான் கொழும்பிலிருந்து பொறியியலாளர் றஊப் வந்தார். நல்ல பிள்ளை. சப்பாத்தில் தூசி படுவதைப் பொருட்படுத்தாதவர். வெளிநாட்டுப் படங்கள் பலவற்றைக் காட்டினார். அவற்றில் வெள்ளைக்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளிலும் இந்தப் பக்கம் காரிலும் ஒருவரை ஒருவர் பாராமல் போய்க்கொண்டிருந்தார்கள். இங்கேயும் அப்படி, மதிலோரமாய் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டுக்குள் சைக்கிள், வெளியே லொறி. சைக்கிளும் பிழைக்கும், லொறியும் ஓடும். கந்தப்போடிக்குப் படங்களைப் பார்க்கக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு பேரும் இடப் பக்கமாய்ப் போனார்கள்.

இடத்தைப் பார்க்க வந்தபோதுதான் றஊப் வரிசையைக் கண்டார்.

"இதென்ன ஓவசியர், சைக்கிள் பாதைக்குக் குறுக்கே நிற்கிறதெல்லாம் சைக்கிள்தானே."

"ஓம் சேர்."

"சொந்தக்காரர் இல்லையா?"

"இருக்கினம் சேர்."

"எங்க?"

கந்தப்போடி மதிலைக் காட்டினார். "உள்ளுக்க போனவை."

"உள்ளுக்கு ஆருமே இல்லை எண்டுதானே சொல்றாங்க."

"ஓம் சேர். அதுதான் கரைச்சல்."

றஊப் வரிசையைத் திரும்பவும் பார்த்தார். ஒரு லொறி போயிற்று. பெல்கள் அடித்தன. அவர் தன்னையறியாமல் ஒரு அடி ஒதுங்கி வழி விட்டார். ஒதுங்கியதை உணர்ந்து முகம் சிவந்தார்.

"எடுத்துவிடுங்கோ ஓவசியர்," என்றார் கடைசியில். "வீட்டுக்காரரிட்டக் குடுங்கோ. இல்லாட்டி மேலிடத்திலிருந்து லொறி அனுப்பி அள்ளிக்கொண்டுபோய் எங்கயாவது கொட்டுவாங்க. எனக்குப் பிறகு ஒண்டும் செய்ய ஏலாது."

இப்போது கந்தப்போடியின் நிலையைப் பாருங்கள். அவர் ஆயுள் முழுக்கக் கனவு கண்ட பாதை. அதைப் போடாவிட்டால் அடுத்த ரீச்சரின் கால், அல்லது கழுத்து. போடுவதென்றால் மகனுடைய சைக்கிளை அவரே கையால் தள்ளி எடுக்கவேண்டும்.

முதலில் மற்றவர்களிடம் போனார். மனுஷர் செய்கிற வேலைதானே. சித்தி பரீதா என்ற பெண்ணின் வீட்டுக்குப் போனார். அவருடைய புருஷன் மீன் வியாபாரி. மீன்பெட்டி கட்டியபடியே அந்தச் சைக்கிள் வரிசையில் நின்றது. பெட்டியில் மீன் நாற்றம் இன்னும் போகவில்லை என்று சொல்வார்கள். பரீதா விஷயம் முழுவதையும் கேட்டார். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"ரோட்டு வேணும்தான் ஓவசியர் ஐயா. எங்கட புள்ளைகளும் அதாலதான் போகுதுகள்."

"அப்ப எடுப்பமோ?"

"எடுப்பம். உங்கட மகன்ட சைக்கிள முதல்ல எடுங்க. அண்டைக்கே நானும் எடுக்கிறன்."

"அது..."

"தேத்தண்ணியக் குடிங்க ஐயா, ஆறுது."

போன வீடெல்லாம் இதே பதில். சிலர் தேத்தண்ணி தரவில்லை, அதுதான் வித்தியாசம்.

வீட்டில் சிவகாமிப்பிள்ளை குசினியில் நெத்தலி துப்புரவாக்கிக்கொண்டிருந்தார். கந்தப்போடி வாசற்படியில் நின்றபடியே சொன்னார். சிவகாமிப்பிள்ளை தலை நிமிரவில்லை.

"எடுங்கோவன். ஆர் மறிச்சது? எடுத்துப்போட்டு, அவன் வந்து என்ர சைக்கிள் எங்க அம்மா எண்டு கேட்டா நீங்களே பதில் சொல்லுங்கோ."

"லைலா ரீச்சர்ர காலுக்கும் நான்தானே பதில் சொல்லோணும்."

நெத்தலித் தலை கிள்ளுகிற கை நின்றது. பிறகு மறுபடி கிள்ளத் தொடங்கியது. அன்றைக்கு இரவுச் சாப்பாடு மட்டும் உப்பில்லாமல் இருந்தது. கந்தப்போடி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

வழி கந்தப்போடிக்குத் திடீரென்றுதான் தோன்றியது. சைக்கிள்களை வெளியே எடுக்க ஏலாதென்றால் உள்ளே எடுத்தால் என்ன? ஆட்கள் போன திசை அதுதானே. மதிலில் ஓரிடத்தை உடைத்து முற்றத்துக்குள் தள்ளி நிறுத்தினால், ஆள் எங்கேயோ சைக்கிளும் அங்கே. வீட்டுக்குக் கொண்டுபோனதாகாது. வீதியும் வெளிக்கும். இதைக் கேட்டு சிவகாமிப்பிள்ளை வெகுநேரம் யோசித்தார். "உடைக்கிற வாசல் உடைச்சபடியே இருக்கோணும்," என்றார். "திருப்பி அடைக்கப்படாது." கந்தப்போடி ஓம் என்றார்.

மதிலை உடைக்க அனுமதி வேண்டுமே. றஊப் ஏறி இறங்காத கந்தோரில்லை. அங்கே முகாம் இருந்ததே இல்லை என்று சொன்னவர்கள், அதன் மதில் எங்களுடையது என்று எப்படிச் சொல்வார்கள்? ஒவ்வொருவராய் அது தங்களுடையதல்ல என்று ஒதுங்கினார்கள்.

"யாருடையதும் இல்லாத மதிலை உடைக்க யாரிட்ட அனுமதி கேக்கிற ஓவசியர்?"

"ஆரிட்டயும் இல்லை சேர்."

"அப்ப உடைங்கோ."

கேற்றைத் திறந்தால் போதாதா என்று கேட்பீர்கள். மதில் எங்களுடையதல்ல என்று எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பூட்டு எங்களுடையதல்ல என்று ஒருவரும் சொல்லவில்லை. பூட்டைத் தொட எங்கள் ஊரில் ஆளில்லை.

மேசன் முஹம்மது தம்பி பட்டப்பகலில், வெயில் உச்சிக்கு ஏறுகிற நேரத்தில் உடைத்தார். வீட்டுக்காரர் எல்லோரும் வீதிக்கு அப்பால் கம்பிவேலியோடு ஒட்டி நின்றார்கள். லொறிக்காரர் ஹோன் அடிக்கவில்லை. கடைசிக் கல்லும் விழுந்து தூசி அடங்கியபோது முதலில் எட்டிப் பார்த்தவர் மேசன்தான். பார்த்தவர் பின்னுக்கு வந்து சுத்தியலைக் கீழே வைத்தார்.

"என்ன மேசன்?"

"நீங்களே பாருங்க ஐயா."

கந்தப்போடி பார்த்தார். சருகும் பற்றையும் பாம்புமாய் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். முற்றம் சுத்தமாய்க் கூட்டியிருந்தது. கூட்டுமாறின் ஈர்க்குக் கோடுகள் மண்ணில் வளைவு வளைவாய், புதிதாய்க் கிடந்தன. நடுவில் ஒரு பெரிய வேம்பு. உச்சியிலிருந்து இலை உதிர்ந்துகொண்டேயிருந்தது, கீழே ஒரு சருகில்லை. மூலையில் தூசி எழும்பாதிருக்கத் தெளித்த தண்ணீர் இன்னும் காயவில்லை. கேற்றின் பூட்டில் துரு ஏறி இறுகிப்போயிருந்தது. களஞ்சியக் கதவு திறந்து கிடந்தது, உள்ளேயும் ஒன்றுமில்லை. அங்கேயும் கூட்டியிருந்தது.

காலடித் தடம் ஒன்றுமில்லை. கூட்டியவர் கூட்டிக்கொண்டே எங்கே போனார் என்று தெரியவில்லை.

"நான் செவர ஒடைக்கத்தான் வந்தனான்," என்றார் முஹம்மது தம்பி. "உள்ளுக்குப் போறதுக்கில்ல."

மற்றவர்களும் அசையவில்லை. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, பிறகு கடலைப் பார்த்தார்கள். சிவகாமிப்பிள்ளைதான் வீதியைக் கடந்து வந்தார். பச்சை லுமாலாவின் ஹாண்டிலைப் பிடித்தார். ஸ்டாண்டைக் காலால் தட்டினார். அந்தச் சைக்கிள் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லாமல் உருண்டது.

"விலகுங்கோ," என்றார் புருஷனைப் பார்த்து.

கூட்டிய மண்ணில் முதல் சில்லுத் தடத்தைப் பதித்துக்கொண்டு போய் வேம்பின் கீழே நிறுத்தினார். பிறகு மீன்பெட்டிச் சைக்கிளோடு சித்தி பரீதா வந்தார். பிறகு மற்றவர்கள். போகிறபோது ஒருவரும் பேசவில்லை, வருகிறபோது எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தை விலை பற்றிப் பேசினார்கள்.

அடுத்த நாள் கந்தப்போடி கோடு போட்டார். அவர் வாழ்நாளில் போட்ட மிக நேரான கோடு. பாதை வேலை செய்தது. லொறிகள் நிற்காமல் ஓடின, ஒருவரும் அடிபடவில்லை. சைக்கிள்காரர் கோட்டுக்குள் வந்ததும் பழையபடி இறங்கி உருட்டினார்கள் என்பது மட்டும்தான் குறை. "சைக்கிள் பாதையில ஒருத்தனும் சைக்கிள் ஓடுறானில்லையே," என்று றஊப் கவலைப்பட்டார். லொறிகள் ஓடுகின்றனவே என்று கந்தப்போடி ஆறுதல் சொன்னார். இப்போது பெல் சத்தம் மதிலுக்கு உள்ளேயிருந்து வந்தது. சனம் முன்னையிலும் அதிகமாய் ஒதுங்கி வழி விட்டது.

பாதை நல்லது என்று கேள்விப்பட்டால் திறந்துவைக்க மேலிடத்திலிருந்து ஒரு பெரியவர் வரவேண்டுமே. வருவதாய் ஆயிற்று. பாதுகாப்புக்காரர் முதலில் வந்து பார்த்தார்கள். மதிலில் இருந்த ஓட்டையில் அவர்கள் கண் நின்றது. எதற்குள் போகிற ஓட்டை என்று கேட்டார்கள். றஊப் உண்மையைச் சொல்லவும் ஏலாமல், பொய் சொல்லவும் தெரியாமல் நின்றார். இல்லாத இடத்துக்கு வாசல் எதற்கு, அடையுங்கள் என்றார்கள்.

"நான் சண்டை பிடிச்சுப் பாத்தனான் ஓவசியர்," என்றார் றஊப். "வெள்ளிக்கிழமைக்குள்ள அடைக்கட்டாம்."

கந்தப்போடி வீட்டில் சொல்லவில்லை. சொல்வதற்கு மூன்று தரம் வாயெடுத்து மூன்று தரமும் தண்ணீர் கேட்டார். வெள்ளிக்கிழமை, சிவகாமிப்பிள்ளை குளித்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று விடியவே முஹம்மது தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். கல் அடுக்கத் தொடங்கி முழங்கால் உயரம் வந்திருக்கும். மேசன் சாந்து குழைக்கத் திரும்பினார். கந்தப்போடி ஒரு லொறிக்காரனோடு கோட்டைப் பற்றி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது சிவகாமிப்பிள்ளை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பம்மோடு, புதுக் கல்லைத் தாண்டி உள்ளே இறங்கிக்கொண்டிருந்தார். புருஷனையும் பார்த்தார். கல்லையும் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

உள்ளே காற்றடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"இஞ்ச பார், வெளியில வா," என்றார் கந்தப்போடி ஓட்டையில் குனிந்து.

 வேம்பின் அடியில் சிவகாமிப்பிள்ளையின் முதுகு தெரிந்தது. சைக்கிளின் கரியரில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தார்.

"காத்தடிச்சது போதும். வா."

"நீங்கள் கட்டுங்கோ," என்றார் அவர், திரும்பாமல். கோபம் இல்லாத குரல். "வேலைக்கு வந்தனீங்கள்தானே. கட்டுங்கோ. நான் இதுக்குள்ள இருக்கிறன்."

முஹம்மது தம்பி சாந்துக் கரண்டியைப் பிடித்தபடி நின்றார். அப்போதுதான் இரண்டு பேருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. களஞ்சியத்தின் பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், யாரோ கூட்டிக்கொண்டிருந்தார்கள். அவசரமில்லாமல். ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி, ஒரு இழுப்பு.

"ஆர் அது கூட்டுறது?" கந்தப்போடி ஓட்டைக்குள் தலையை நீட்டிக் கேட்டார்.

"தெரியாது. நான் வந்ததிலயிருந்து கூட்டுது. நான் போய்ப் பாக்கேல்லை." சிவகாமிப்பிள்ளை கரியரைத் தடவிக்கொண்டார். "வேலன் எங்க எண்டு கேட்டனான். சத்தம் நிண்டுது. கொஞ்சநேரம் ஒண்டுமே இல்லை. பிறகு திருப்பிக் கூட்டத் துவங்கியிட்டுது."

முஹம்மது தம்பி உதட்டுக்குள் ஏதோ ஓதினார். வீதியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராய் நின்றார்கள். பின்னால் லொறிகளும் நின்றன. கந்தப்போடியின் நேர்க் கோட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் திருகோணமலை முழுவதும் அசையாமல் நின்று கேட்டது. ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி.

கந்தப்போடி குனிந்து புதிதாய் வைத்த கற்களில் ஒன்றை அசைத்தார். சாந்து காயவில்லை. வந்துவிட்டது. அடுத்ததை எடுத்தார். முஹம்மது தம்பி மறு பக்கத்திலிருந்து எடுக்கத் தொடங்கினார்.

றஊப் ஜீப்பில் வந்து இறங்கியபோது ஓட்டை பழையபடி திறந்து கிடந்தது.

"என்ன ஓவசியர் இது? பின்னேரம் சோதிக்க வாறாங்க."

"அடைக்க ஏலாது சேர். வாசல் ஒண்டு வைக்கப்போறன்."

"பிளானில வாசல் இல்லையே."

"பென்சிலால கீறுங்கோ சேர்."

றஊப் உள்ளே எட்டிப் பார்த்தார். நிலத்தில் இருந்த பெண்ணைப் பார்த்தார். காது கொடுத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டு, ஜீப்புக்குத் திரும்பிப்போய்ப் பிளானை எடுத்துக்கொண்டு வந்தார். "எவ்வளவு அகலம்?" என்று கேட்டார்.

இதற்காகக் கந்தப்போடியை அந்த மாதமே குச்சவெளிக்கு மாற்றினார்கள். கடற்கரை வீதியில் பஸ் வருமா வராதா என்று காத்து நின்று போய் வந்தார். அங்கே மாடுகள்தான் வலப் பக்கமாய் வந்தன. திறப்பு விழாவில் அந்த வாசலுக்கு மேல் ஒரு பெரிய துணி கட்டி மறைத்தார்கள். காற்று துணியை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேயிருந்தது என்றும், பெரியவர் பேச்சைப் பாதியில் சுருக்கிக்கொண்டு போனார் என்றும் சொல்கிறார்கள். அதெல்லாம் பிறகு.

அந்த வெள்ளிக்கிழமை கந்தப்போடி கற்குவியலைத் தாண்டி உள்ளே போனார். வேம்பு வரைக்கும் போனார். மனைவிக்குக் கை கொடுத்து எழுப்பினார்.

"அவன்ட சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில பிடி. பக்கத்தில நில். ஆள் உருட்டிக்கொண்டு வெளியில வாறமாதிரி."

சிவகாமிப்பிள்ளை அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஸ்டாண்டைத் தட்டி, ஹாண்டிலைப் பிடித்து, வீதியைப் பார்த்தபடி வந்து உடைந்த இடத்தில் நின்றார். கந்தப்போடி அளக்கிற ரேப்பை விரித்து, ஹாண்டிலின் ஒரு நுனியிலிருந்து மனைவியின் தோள் தாண்டி அளந்தார். இரண்டு பக்கமும் கை இடிக்காதபடி கொஞ்சம் விட்டார். றஊப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

"கதவு?" என்றார் றஊப்.

"வேண்டாம் சேர். கதவெண்டா பிறகு பூட்டு வரும்."

முஹம்மது தம்பி இடப் பக்கத்தில் முதல் கல்லை வைத்தார். அளவு பிசகிவிடும், கல் இடுப்பளவு எழும்பும்வரை அசையவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். சிவகாமிப்பிள்ளை ஓம் என்று தலையாட்டிவிட்டு, மகனுடைய சைக்கிளைப் பிடித்தபடி வெயிலுக்குள் நின்றார்.